ஆட்டப் பலகையும் அறநெறியும்

ஞாயிறு மாலையிலோ பள்ளி விடுமுறை நாள்களிலோ குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து ஆடுவதற்கு எந்த ஆட்டத்தைத் தேர்வது? கேட்பதற்குச் சிறிய வினாதான். கடைக்குச் சென்று ஒரு பெட்டியை வாங்கி வந்தால் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் மன்னர்களும் துறவிகளும் ஆயர்களும் இவ்வினாவைப் பெரிதாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்; அதுபற்றி நூல்கள் எழுதியிருக்கிறார்கள்; ஒறுத்தல் முயற்சிகளும் விதித்திருக்கிறார்கள். மனிதன் எதனால் உயர்கிறான், எதனால் வீழ்கிறான், வீழ்ந்தவன் என்ன ஆகிறான் என்பவை பற்றி ஒவ்வோர் ஆட்டப் பலகையும் ஒரு தீர்ப்பைத் தன்னுள் வைத்திருக்கிறது. அந்தத் தீர்ப்பையே நாம் நம் பிள்ளைகளின் கையில் கொடுக்கிறோம். ஆகவே இப்பலகைகளின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது பயனுடையது எனக் கருதுகிறோம்.

ஸ்பெயின் நாட்டின் காஸ்டில் பகுதியை ஆண்ட பத்தாம் அல்ஃபோன்சோ மன்னரை வரலாறு 'அறிஞர்' என்னும் அடைமொழியோடு குறிப்பிடுகிறது. அவரது ஆணைப்படி 1283ஆம் ஆண்டில் செவில் நகரில் ஆட்டங்களைப் பற்றிய நூல் ஒன்று எழுதி முடிக்கப்பட்டது. வண்ண ஓவியங்கள் நிறைந்த அந்நூல் எஸ்கோரியால் துறவு மடத்து நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. மனிதர் தம் துன்பங்களைத் தாங்கிக்கொள்ள மகிழ்ச்சியும் வேண்டும் என்பதே இறைவனின் திருவுளம் என்று மன்னர் அந்நூலின் முன்னுரையில் கூறுகிறார். குதிரையேற்றமும் வில்வித்தையும் வலியவர்க்கு உரியவை. அமர்ந்து ஆடும் ஆட்டங்களோ முதியோர்க்கும், நலிந்தோர்க்கும், வீட்டினின்று வெளியேற இயலாத பெண்களுக்கும், சிறைப்பட்டோர்க்கும், கடற்பயணிகளுக்கும் இரவு பகல் எந்நேரமும் கைகொடுப்பவை என்கிறார். வலிமையற்றோரை நினைந்து ஒரு மன்னர் ஆட்டத்தை மதிப்பிட்டார் என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

அந்நூல் நம் இந்திய மண்ணையும் நினைவுகூர்கிறது. இந்திய மன்னர் ஒருவரின் அவையில் மூன்று அறிஞர் இருந்தனராம். அறிவே சிறந்தது என்றார் ஒருவர். நல்வாய்ப்பு இல்லையேல் அறிவும் பயன்படாது என்றார் அடுத்தவர். வாய்ப்பு எப்படி அமைந்தாலும் அதை அறிவால் ஆளத் தெரிந்தவனே சிறந்தவன் என்றார் மூன்றாமவர். தத்தம் கூற்றுக்குச் சான்று கொணருமாறு மன்னர் பணிக்க, முதலாமவர் சதுரங்கத்தையும், இரண்டாமவர் பகடைகளையும், மூன்றாமவர் பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பலகை ஒன்றையும் கொணர்ந்தனர் என்கிறது கதை. இது நடந்த நிகழ்ச்சி அன்று, கற்பனையே. எனினும் உலகின் பலகை ஆட்டங்கள் பெரும்பாலும் இம்மூன்று வகைக்குள் அடங்கிவிடுவதை எண்ணி வியக்கிறோம். நம் ஊர்த் தாயம் மூன்றாம் வகையைச் சேர்ந்தது. என்ன விழும் என்பது நம் கையில் இல்லை. விழுந்ததைக் கொண்டு எந்தக் காயை நகர்த்துவது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

இதே வினா திருச்சபையின் உள்ளேயும் எழுந்தது. 1215ஆம் ஆண்டில் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், குருக்கள் பகடை ஆடுதலையும், அத்தகைய ஆட்டங்கள் நிகழுமிடத்தில் இருத்தலையும் விலக்கியது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, 1061ஆம் ஆண்டை ஒட்டி, கர்தினாலாகிய புனித பீட்டர் தமியான், பயணத்தின்போது சதுரங்கம் ஆடிய புளோரன்சு நகர ஆயரைக் கண்டித்ததைத் தம் மடல் ஒன்றில் விவரிக்கிறார். சதுரங்கம் வேறு, பகடை வேறு என்று ஆயர் வாதாடினார். புனிதர் அதை ஏற்கவில்லை. திருப்பாடல்கள் முழுவதையும் மும்முறை சொல்லவும், ஏழைகள் பன்னிருவரின் பாதங்களைக் கழுவி அவர்களுக்குப் பொருளுதவி செய்யவும் ஒறுத்தல் விதித்தார்.

ஆயினும் அந்த ஆயரின் வாதமே காலப்போக்கில் நிலைபெற்றது எனலாம். 1300ஆம் ஆண்டையொட்டி, தொமினிக்கன் சபைத் துறவி யாக்கோபு தே செசோலிஸ், சதுரங்கக் காய்களை உவமையாகக் கொண்டு அரசன் முதல் உழவன் வரை ஒவ்வொருவரின் கடமையையும் விளக்கினார். ஸ்பானியக் குருவாகிய ரூய் லோப்பெஸ் 1561ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலால், சதுரங்கத்தின் தொடக்க முறைகளுள் ஒன்று இன்றளவும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவிலா நகர்ப் புனித தெரேசா, இறைவனாம் அரசரைப் பணிவு என்னும் அரசியே வெல்லவல்லவள் என்று சதுரங்கத்தின் வழியாகவே தம் சகோதரிகளுக்கு இறைவேண்டலை விளக்கினார். குலுக்கல் தன்னளவில் தீயதன்று. திருத்தூதர்கள் மத்தியாவைத் தேர்ந்துகொண்டதும் சீட்டுக் குலுக்கித்தான். சிலுவையடியில் படைவீரர் ஆண்டவரின் அங்கிக்காகக் குலுக்கியதும் அதே சீட்டுத்தான். முன்னது ஒருவரைப் பணிக்கு அழைத்தது. பின்னது ஒருவரின் இழப்பில் இலாபம் தேடியது. வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிக் கடிந்ததும் இந்தப் பின்னதை எண்ணித்தான். எனவே பகடையைக் காட்டிலும், ஆட்டம் நம்மை எதன்பால் இட்டுச் செல்கிறது என்பதே ஆராயத்தக்கது.

இந்த ஆராய்ச்சிக்கு உதவும் சில பலகைகளைக் காண்போம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்திருக்கும் வைணவக் குடும்பங்கள் பரமபத சோபானம் ஆடுவது தமிழகம் அறிந்த வழக்கம். நற்பண்பு ஏணியாகும், தீச்செயல் பாம்பாகும், உச்சியில் இருப்பது வீடுபேறு. ஏணிகளைவிடப் பாம்புகளே மிகுந்திருந்த பழைய இந்தியப் பலகைகள் பல உண்டு. நல்வழியில் ஏறுவது அரிது, வழுக்கி விழுவது எளிது என்பது முன்னோர் கண்ட உண்மை போலும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வாட்டம் இங்கிலாந்தை அடைந்தது. அங்கு நாளடைவில் பாம்பும் ஏணியும் எண்ணிக்கையில் ஏறத்தாழச் சமமாயின. பின்னர் பண்புகளின் பெயர்களும் உதிர்ந்தன. இன்று கடைகளில் விற்கும் பலகையில் பாம்புக்குப் பெயரில்லை. ஏன் விழுந்தோம் என்று குழந்தை கேட்டால், எண் அப்படி விழுந்தது என்பதைத் தவிர வேறு விடையும் இல்லை.

அமெரிக்காவிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1860ஆம் ஆண்டில் மில்டன் பிராட்லி என்னும் அச்சுத் தொழிலர் வாழ்க்கைப் பயணத்தைச் சித்திரிக்கும் ஆட்டம் ஒன்றை வெளியிட்டார். பகடை சூதாட்டத்தை நினைவூட்டும் என்பதால் அதற்கு மாற்றாக எண்கள் பொறித்த சிறு சுழலியைப் பயன்படுத்தினார். நேர்மை, விடாமுயற்சி, சோம்பல், சூது எனக் கட்டங்கள் அமைந்தன. மகிழ்ச்சியான முதுமையே அங்கு உயர்ந்த பேறு. நூறாண்டு கழித்து, 1960ஆம் ஆண்டில், அதே நிறுவனம் அந்த நினைவாகப் புதிய வடிவம் ஒன்றைக் கொணர்ந்தது. அதில் இலக்கு பணக்குவியலாக மாறியிருந்தது.

எல்லாவற்றையும்விட நம்மைச் சிந்திக்கத் தூண்டுவது, நம் நாட்டில் 'பிசினஸ்', 'டிரேட்' என்னும் பெயர்களில் நகரங்களை வாங்கி விற்று ஆடும் ஆட்டத்தின் மூலக்கதை. அதன் மூலமாகிய 'மோனோப்பலி' உலகெங்கும் அறியப்பட்டது. அதற்கும் மூலமாக ஒரு பெண்மணியின் படைப்பு இருந்ததை அறிந்தோர் சிலரே. சுருக்கெழுத்தாளராகப் பணியாற்றிய எலிசபெத் மேகி, 'நிலக்கிழார் ஆட்டம்' என்று பொருள்படும் பெயரில் தாம் அமைத்த பலகைக்கு 1904ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள் அமெரிக்க அரசின் காப்புரிமை பெற்றார். நிலம் சிலர் கையில் குவியும்போது மற்றவர் வாடகை கொடுத்தே வறியவராகின்றனர் என்பதைச் சிறுவரும் கண்ணால் கண்டு உணர வேண்டும் என்பது அவரது நோக்கம். நிலவாடகை தனியார்க்குச் செல்லாமல் பொதுக் கருவூலத்திற்குச் சென்று, அதனால் அனைவரும் பயனடையும் மாற்று விதிகளையும் அவர் வகுத்தார். ஒரே பலகை, இருவகை நீதி. எது நல்லது என்பதை ஆடுவோரே கண்டறியட்டும் என விட்டார்.

மேகி அம்மையாருக்கு இக்கருத்தை வழங்கியவர் ஹென்றி ஜார்ஜ் என்னும் பொருளியல் சிந்தனையாளர். 1879ஆம் ஆண்டில் வெளிவந்த 'முன்னேற்றமும் வறுமையும்' என்னும் நூலின் ஆசிரியர் அவர். நியூயார்க் நகரின் பங்குக்குரு எட்வர்டு மெக்ளின் அவரை ஆதரித்தார். தம் பங்கின் ஏழைகள் படும் பாட்டைக் கண்டு மனம் வெதும்பிய அவர், பேராயரோடும் உரோமையோடும் பிணங்கி, 1887ஆம் ஆண்டில் திருச்சபையின் உறவினின்று விலக்கப்பட்டார். 1892ஆம் ஆண்டில் மீண்டும் ஏற்கப்பட்டார். இதற்கு இடைப்பட்ட 1891ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். அம்மடல் தனியுடைமை உரிமையைக் காத்தது. தொழிலாளியும் அவன் குடும்பமும் வாழப் போதுமான நியாயக் கூலியையும் வலியுறுத்தியது. ஹென்றி ஜார்ஜ் அதே ஆண்டு திருத்தந்தைக்கு ஒரு திறந்த மடல் எழுதி, நிலத்தின்மேல் தனியுடைமை பற்றித் தாம் மாறுபடுவதை விளக்கினார். இருவரும் தீர்வில் வேறுபட்டனர். ஆனால் உழைப்பவனின் அடுப்பு அணையக்கூடாது என்ற கவலை இருவர்க்கும் பொதுவாக இருந்தது. அக்கவலைதான் மேகி அம்மையாரின் பலகையில் கட்டங்களாக உருப்பெற்றது.

பிறகு நடந்தது வருந்தத்தக்கது. கைப்பட வரைந்த பலகைகளாக அந்த ஆட்டம் வீடுவீடாகப் பரவிற்று. அட்லாண்டிக் நகரத்துக் குவேக்கர் சமயத்தார் தம் ஊர்த் தெருக்களின் பெயர்களை அதில் இட்டனர். அவ்வடிவத்தைக் கண்ட சார்லஸ் டாரோ என்பவர் அதைத் தம் படைப்பாகக் காட்டிப் பார்க்கர் சகோதரர்கள் நிறுவனத்திற்கு விற்றுப் பெரும் செல்வர் ஆனார். அந்நிறுவனம் 1935ஆம் ஆண்டில் மேகி அம்மையாரின் காப்புரிமையையும் 500 டாலருக்கு வாங்கியது; விற்பனையில் அவருக்குப் பங்கு இல்லை. எல்லாரும் பயனடையும் மாற்று விதிகள் வழக்கொழிந்தன. பிறரை ஓட்டாண்டியாக்கி ஒருவர் மட்டும் எஞ்சும் விதிகளே நிலைத்தன. எச்சரிக்கையாகப் படைக்கப்பட்டது, ஆசைக்குப் பயிற்சியாயிற்று. 1970களில் ரால்ஃப் ஆன்ஸ்பாக் என்னும் பொருளியல் பேராசிரியர் தொடுத்த வழக்கின்போதுதான் இவ்வரலாறு மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தது. மேகி அம்மையாரோ 1948ஆம் ஆண்டிலேயே மறைந்திருந்தார்.

இவ்வாட்டத்தை வீட்டிலிருந்து விலக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. ஆனால் அதில் முதலில் பொருளிழந்த பிள்ளை என்ன செய்கிறது என்பதைப் பெற்றோர் கவனிக்கட்டும். அது பலகையை விட்டு எழுந்து போகிறது. மற்றவர் மணிக்கணக்கில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். குடும்பம் ஒன்றுகூட வேண்டுமென வாங்கிய ஆட்டமே குடும்பத்தில் ஒருவரை வெளியே அனுப்பிவிடுகிறது.

இனி நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியை நோக்குவோம். ஆளுக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். புளியங்கொட்டையோ சோழியோ காய்கள். ஒரு சுற்றில் காய்களை இழந்தவர், எஞ்சிய காய்களைக் கொண்டு இயன்ற குழிகளை மட்டும் நிரப்பி அடுத்த சுற்றை ஆடுவார். மேலும் நலிந்து ஒரு குழியை நிரப்பவும் காய் போதாத நிலையில், குழிக்கு ஒரு காயாக இட்டு ஆடும் வழக்கம் உண்டு. அதற்குக் 'கஞ்சி காய்ச்சுதல்' என்று பெயர். சோறு இல்லாத வீட்டில் கஞ்சியாவது காய்ச்சுவார்கள் அல்லவா? வறியவரைப் பலகையை விட்டு எழுப்பாமல், அவருக்கும் ஓர் அடுப்பை மூட்டி வைத்த அந்தப் பெயரைச் சூட்டியவர் யாரோ! வறுமையையும் வீட்டு நீதியையும் நன்கு அறிந்த ஓர் ஏழைத் தாயாகத்தான் இருக்க வேண்டும்.

தாயத்திலும் இக்கருணை உண்டு. வெட்டுப்பட்ட காய் அழிவதில்லை. மீண்டும் தாயம் விழும்வரை காத்திருந்து முதலிலிருந்து புறப்படும். பழமாகும் வாய்ப்பு இறுதிவரை அதற்கு உண்டு. ஆடு புலி ஆட்டமோ வேறொரு பாடம் கற்பிக்கிறது. மூன்று புலிகளுக்கு எதிரே பதினைந்து ஆடுகள். தனித்து நிற்கும் ஆட்டைப் புலி தாண்டி வெட்டும். ஆடுகள் ஒன்றையொன்று தாங்கி நின்றால் புலி அசைய வழியின்றி அடைபடும். எளியோரின் ஒற்றுமையைக் குறித்து நாம் ஆற்றும் நீண்ட உரைகளைக் காட்டிலும் இது பிள்ளைகளின் மனத்தில் எளிதில் பதியும்.

ஆதலின் ஆட்டத்தைத் தேரும் பெற்றோர் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்வது நன்று. வீட்டில் மூத்தவரும் இளையவரும் சமமாக அமர இப்பலகையில் இடம் உண்டா? தோற்பவர் ஆட்டம் முடியும்வரை நம்மோடு இருப்பாரா? வெல்பவர் எதனால் வெல்கிறார்? முதல் வினாவிற்குத் தாயமும் பரமபதமும் ஏற்றவை. பகடை பேரனையும் பாட்டனையும் ஒன்றாகவே நடத்தும். அறிவைத் தீட்டச் சதுரங்கம் உண்டு. நகரம் வாங்கும் ஆட்டத்தைப் பிள்ளைகள் விரும்பினால் அதையும் ஆடலாம்; ஆடி முடித்தபின் மேகி அம்மையாரின் கதையைச் சொல்லி, வாடகை பொதுப்பெட்டிக்குச் செல்லுமாறு விதியை மாற்றி மறுமுறை ஆடிப் பார்க்கலாம். இரண்டு ஆட்டங்களின் முடிவில் வீட்டிலுள்ளோர் முகங்கள் எப்படி இருந்தன என்று பிள்ளைகளையே கேட்கலாம். அம்மையார் 1904ஆம் ஆண்டில் எதிர்பார்த்த பாடம், அன்று நம் வீட்டுத் திண்ணையில் நிறைவேறும்.

தோற்றவனுக்கும் ஒரு குழியில் ஒரு காய் போட்டு வைக்கும் வழக்கம் நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற செல்வம். வாழ்க்கைப் பலகையில் விழுந்து கிடக்கும் அயலானுக்கு இடம் விட நம் பிள்ளைகள் எங்கே கற்றுக்கொள்வார்கள்? விளையாட்டில் கற்காததை வினையில் கற்பது அரிது.