29ஆம் பிரிவும் ஒரு தகரப்பெட்டியும்

2004ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செய்தி சேகரிப்பதற்காக மொனராகலைக்குச் சென்றிருந்தேன். அங்கே ஓர் இறப்பர்த் தோட்டத்து லயத்தில், 73 வயதுப் பெரியவர் ஒருவர் தகரப்பெட்டியைத் திறந்து காகிதங்களைப் பரப்பினார். அவருடைய தகப்பனார் 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்தவர். மகனுக்கோ அன்றுவரை வாக்கு இல்லை. இந்த முரண்பாட்டை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவிலிருந்து தொடங்க வேண்டும்.

எந்தவொரு சமூகத்தினருக்கும் ஏனைய சமூகத்தினருக்கு இல்லாத தகைமைக் குறைவை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்பது அப்பிரிவின் 2ஆம் உட்பிரிவு. சிறுபான்மையினருக்கு அளிக்கப்பட்ட காப்பு என்று அது போற்றப்பட்டது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. மொனராகலையையும் அந்நாளில் உள்ளடக்கியிருந்த பதுளை மாவட்டத்தில், பதுளைத் தொகுதியில் எஸ். எம். சுப்பையா தெரிவானார். மறு ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தவராயினும் தகப்பனார் இங்கு பிறந்தவர் என்றோ, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ நிரூபிக்க வேண்டும். பிறப்புப் பதிவே ஒழுங்காக நடைபெறாத லயங்களில் பூட்டனின் பத்திரத்துக்கு எங்கே போவது? 1949இல் வாக்குரிமை பிரஜைகளுக்கு மட்டுமே என்றாயிற்று. 1952 தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் ஆசனமேனும் இல்லை.

29ஆம் பிரிவு எங்கே போயிற்று? அக்கேள்வியோடு கோடக்கன்பிள்ளை என்பவர் இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றார். 1953இல் அவருடைய மேன்முறையீடு தள்ளப்பட்டது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது எந்த நாட்டுச் சட்டமன்றத்துக்கும் இயல்பான அதிகாரம். சட்டத்தின் வாசகம் எந்தச் சமூகத்தையும் பெயர் சொல்லி விலக்கவில்லை. இந்தியர் பதிவு செய்துகொள்ள 1949ஆம் ஆண்டின் வேறொரு சட்டம் வழி வைத்திருக்கிறது என்பன நீதிபதிகளின் நியாயங்கள். வாதம் தர்க்கரீதியானதுதான். ஆனால் அந்த வழியில் ஏறத்தாழ 8 இலட்சத்து 24 ஆயிரம் பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டு, பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே. பெரியவரின் தகப்பனாருடைய விண்ணப்பமும் வதிவுச் சான்று போதாதென்று நிராகரிக்கப்பட்டது. அந்தக் கடிதம் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து பெட்டியில் இருந்தது.

யாப்பு என்பது மக்களுக்கும் அரசுக்கும் இடையிலான உடன்படிக்கை என்கிறார்கள். அந்த மக்கள் யார் என்பதைச் சாதாரணப் பெரும்பான்மைக்கு விட்டுவிட்ட யாப்பு, காவலாளியை நிறுத்திவிட்டுச் சாவியை வெளியே கொடுத்ததற்கு ஒப்பாகும் என்பது என் கருத்து. விந்தை என்னவென்றால், 1964இல் இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க வழக்கில் அதே கோமறைக் கழகம் 29(2)ஐ மாற்றவியலாத அடிப்படை நிபந்தனை என்று உயர்த்திப் பேசியது! அதே ஆண்டு ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்குமாகப் பிரித்துக்கொண்டது. 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பில் 29ஆம் பிரிவே இல்லாமற் போயிற்று.

1978 யாப்பின் 14(2)ஆம் உறுப்புரையைப் பலர் கவனிப்பதில்லை. எந்த நாட்டுப் பிரஜையுமல்லாத நிரந்தர வதிவாளருக்குப் பேச்சு, ஒன்றுகூடல் முதலிய உரிமைகளைப் பத்து ஆண்டுகளுக்கு மட்டும் அது வழங்கியது. அடிப்படை உரிமைக்குத் தவணை!

பெரியவர் ஒப்பந்தக் காலத்தில் அச்சத்தினால் இந்தியாவுக்கு விண்ணப்பித்திருந்தார். பதில் வரவில்லை. 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. இந்தியாவுக்கு விண்ணப்பித்தோரை 1988ஆம் ஆண்டுச் சட்டம் சேர்க்கவில்லை. 2003இன் சட்டமே அவரைப் பிரஜையாக்கிற்று. "வாற எலெக்சனுக்கு நம்ம பேரு இருக்குமாங்க?" என்று கேட்டார்.

ஏப்ரலில் தேர்தல் நடந்தது. வாக்காளர் இடாப்பு முந்திய ஆண்டினுடையது. அவருடைய பெயர் அதில் இருக்கவில்லை.