கறுவாவின் விலையைத் தீர்மானித்தவர் யார்?

நியூ ஜேர்சியிலோ கலிபோர்னியாவிலோ ரெக்சஸிலோ 'சினமன்' என்று நாம் வாங்குவது பெரும்பாலும் கறுவா அல்ல. இந்தோனேசியா, வியட்நாம், சீனா ஆகிய நாடுகளிலிருந்து வரும் கசியா என்ற தடித்த பட்டையே அது. ஐக்கிய அமெரிக்க நடைமுறை இரண்டையும் ஒரே பெயரில் விற்க அனுமதிக்கிறது. ஒருகாலத்தில் ஐரோப்பாவின் கறுவாச் சந்தையை ஏகபோகமாக வைத்திருந்த இலங்கை, பண்டத்தின் பெயரைக்கூடத் தக்கவைக்க முடியாமற் போனது ஏன்?

1505இல் வந்த போர்த்துக்கேயர் கோட்டை அரசிடம் கறுவாவைத் திறையாகப் பெற்றனர். 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர் இதை ஓர் இறுக்கமான அமைப்பாக்கினர். கறுவா உரிப்பது சலாகம சாதியினரின் கட்டாய ஊழியமாயிற்று. களவாக உரிப்போருக்கும் விற்போருக்கும் மரணதண்டனை விதிக்கப்படலாம். விலை விழாதிருக்க, ஆம்ஸ்டர்டாமில் மிகுதிச் சரக்கை எரித்தார்கள். உரித்தவனின் உழைப்புக்கும் அங்கு விற்ற விலைக்கும் எவ்விதத் தொடர்பும் இருக்கவில்லை.

இந்த இலாபத்துக்குப் போர்ச் செலவும் இருந்தது. நல்ல கறுவா கண்டி மன்னனின் காடுகளிலும் விளைந்தது. 1760இல் கரையோரக் குடிகள் கிளர்ந்தபோது கண்டி அவர்களுக்குத் துணைநின்றது. போரின் முடிவில், 1766 உடன்படிக்கையின்படி, கண்டி கரையோரம் முழுவதையும் இழந்தது. காட்டை நம்பியிருக்க விரும்பாத கம்பனி, ஆளுநர் ஃபல்க் காலத்தில் தோட்டங்களை அமைத்தது. கொழும்பின் கறுவாத்தோட்டம் என்ற பெயர் அதன் எச்சம்.

1796இல் வந்த ஆங்கிலேயர் ஏகபோகத்தைத் தொடர்ந்தனர். கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரையை அடுத்து 1833இல் அது ஒழிக்கப்பட்டது. ஆனால் இறாத்தலுக்கு மூன்று சிலிங் ஏற்றுமதி வரி அதன் இடத்தைப் பிடித்தது. இவ்வரி படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1853இல்தான் முற்றாக நீக்கப்பட்டது. அதற்குள் யாவாவில் கறுவா பயிராகத் தொடங்கியிருந்தது. மலிவான கசியாவும் சந்தையில் இடம்பிடித்திருந்தது. மூலதனம் கோப்பியை நாடியது.

எமது எழுத்துக்களில் இவ்வரலாறு 'காலனித்துவக் கொள்ளை' என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. கொள்ளை நடந்தது உண்மை. ஆயினும் அது பாதி விளக்கமே. செயற்கையாக உயர்த்திய விலைதான் போட்டிப் பண்டத்தை வளர்த்தது. மாற்றுப்பண்டம் உள்ளவரை ஒரு சிறு தீவு உலகவிலையைத் தன் விருப்பப்படி நெடுநாள் நிறுத்திவைக்க இயலாது.

பெயரை மீட்கும் முயற்சி தாமதமாகவே பலித்தது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் 'சிலோன் சினமன்' என்பதற்குப் புவியியற் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. ஆனால் உரிக்கும் கைகள் குறைகின்றன. பழைய சாதி இழிவு ஒட்டியுள்ள தொழிலுக்கு இளைஞர் வரத் தயங்குகின்றனர். கட்டாய ஊழியத்தின் கடனை ஏற்றுமதி இன்றும் செலுத்துகிறது.

இது தெற்கின் கதை, எமக்கென்ன என்று ஒதுக்குவோர் உளர். யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூர்ச் சந்தையை எவ்வளவு நம்பியிருந்தது என்பதை அவர்கள் நினைவுகூர வேண்டும். எமது தாயகத்தின் பொருளாதார வளம் பற்றிப் பேசும்போது உப்பு, மீன், பனை, புகையிலை என்று பட்டியலிடுகிறோம். பட்டியல் போதாது. வாங்குபவன் எத்தனை பேர், மாற்றுப்பண்டம் எது, வரியை விதிப்பவர் யார், உழைப்பவருக்கு என்ன கிடைக்கிறது ஆகிய நான்கு கேள்விகளையும் எழுப்பாத எந்தப் பொருளாதாரத் திட்டமும் கறுவாவின் கதையையே மீண்டும் எழுதும்.