மீண்டும் மாணவரான மருத்துவர்கள்

மைய அரசின் மொழிபெயர்ப்பு மேசையில் அமர்ந்திருக்கும் நமக்குச் சில ஆங்கிலச் சொற்கள் இரண்டு முகங்களைக் காட்டி நிற்பதுண்டு. 'ரிஹாபிலிடேஷன்' என்பது அவற்றுள் ஒன்று. 1947-ஆம் ஆண்டின் பிரிவினையில் வீடு வாசலை இழந்து இலட்சக்கணக்கான மக்கள் தில்லிக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வந்து சேர்ந்தனர். அவர்களுக்கு உறைவிடமும் தொழிலும் அமைத்துத் தருவதற்கென ஓர் அமைச்சகம் தோன்றியபோது அதன் பெயரில் இச்சொல் இடம்பெற்றது. தமிழில் அதனைப் 'புனர்வாழ்வு' என்று எழுதினோம். பின்னர் மருத்துவக் கோப்புகளிலும் அதே சொல் தலைகாட்டிற்று. கை கால் வழங்காதவரை, பேச்சிழந்தவரை, முதுகுத்தண்டு முறிந்தவரை மீண்டும் தம் வாழ்வைத் தாமே நடத்தும் நிலைக்குக் கொண்டு வருவதே அங்கு அதன் பொருள். இழந்த தகுதியை மீட்டளித்தல் என்னும் இலத்தீன் வேர்ப்பொருள் இரண்டிடத்தும் ஒன்றே. சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் புதிதாக வாழக் கற்றுக்கொண்ட தமிழர்களுக்கு அப்பொருள் எளிதில் விளங்கும்.

இம்மருத்துவத் துறையின் வரலாற்றில் நம் கருத்தைக் கவரும் செய்தி ஒன்றுண்டு. இதனைத் தோற்றுவித்தோர் கல்லூரியிலிருந்து அப்போதுதான் வெளிவந்த இளைஞர்கள் அல்லர். பல ஆண்டுகள் மருத்துவம் செய்து பெயரும் வருவாயும் பெற்ற பின்னர், தம் கல்வி ஓரிடத்தில் நின்றுபோவதைக் கண்டு மீண்டும் மாணவராக அமர்ந்தவர்களே அவர்களுட் பெரும்பாலோர். 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது நம் பழமொழி. வளையும் என்பதற்கு இத்துறையே சான்று.

அமெரிக்காவில் ஹோவர்டு ரஸ்க் என்பார் செயின்ட் லூயிஸ் நகரில் உடல்நோய் மருத்துவராகப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் தொழில் நடத்தியவர். 1942-ஆம் ஆண்டில், நாற்பது வயதைக் கடந்த நிலையில், விமானப் படையின் மருத்துவமனைப் பணிக்குச் சென்றார். காய்ச்சலும் காயமும் தீர்ந்த போர்வீரர்கள் வாரக்கணக்காகக் கட்டிலில் கிடந்து கூரையைப் பார்த்துப் பொழுதைக் கழிப்பதை அங்கே கண்டார். அவர்களை வீட்டுக்கு அனுப்பவும் இயலாது. படைக்குத் திருப்பி அனுப்பினாலோ சில நாளில் மீண்டும் நோயாளிகளாகத் திரும்பி வருவர். நோய் தீர்வது வேறு, மனிதன் மீள்வது வேறு என்பது அவருக்கு அங்கே புலனாயிற்று. கட்டிலருகிலேயே பாடம், உடற்பயிற்சி, கைத்தொழில் ஆகியவற்றைத் தொடங்கினார். நோயைத் தடுப்பது மருத்துவத்தின் முதற்பகுதி, தீர்ப்பது இரண்டாம் பகுதி, மீண்டும் வாழச் செய்வது மூன்றாம் பகுதி என்பது அவர் கொள்கை. போர் முடிந்தபின் பழைய தொழிலை உதறிவிட்டு நியூயார்க் சென்றார். பல்கலைக்கழகத்தைச் சார்ந்து அவர் அமைத்த புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தின் கட்டடம் 1951-இல் திறக்கப்பட்டது. பல நாடுகளின் மருத்துவர்கள் அங்கே வந்து பயின்றனர்.

அவருக்கு முன்னரே ஃபிராங்க் குரூசன் என்பவர் மேயோ மருத்துவ நிலையத்தில் 1936-ஆம் ஆண்டில் மூன்றாண்டுப் பட்டமேற்படிப்புப் பயிற்சி ஒன்றைத் தொடங்கியிருந்தார். அவரும் இளமையில் காசநோயால் தாக்குண்டு, ஆரோக்கிய நிலையத்தில் நாள் கழித்தவர். நீண்ட படுக்கை உடலை எவ்வாறு தளர்த்துகிறது என்பதை அவர் தம் உடலிலேயே கண்டார். 1947-இல் அமெரிக்காவில் இத்துறைக்கெனத் தனித் தேர்வு வாரியம் அமைந்தது. அதன் பெயரில் 'புனர்வாழ்வு' என்னும் சொல் 1949-இல் சேர்க்கப்பட்டது.

இங்கிலாந்தின் வரலாறு இன்னும் உருக்கமானது. லுட்விக் குட்மன் ஜெர்மனியில் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர்; யூதர். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1939-இல் அகதியாக இங்கிலாந்து சேர்ந்தார். ஐந்தாண்டுகளுக்குப் பின், 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு முறிந்தோருக்கான பிரிவு அவர் பொறுப்பில் தொடங்கப்பட்டது. அந்நாளில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர் நெடுநாள் வாழ்வார் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. படுக்கைப்புண்ணும் சிறுநீர்ப்பாதை நோயும் அவர்களை மாய்த்து வந்தன. குட்மன் கண்ட மருந்து எளியது: இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவிலும் பகலிலும், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தல். ஊழியர் அதனைச் செய்கின்றனரா என்று நள்ளிரவிலும் தாமே வந்து பார்ப்பாராம். மூளையையும் நரம்பையும் ஆராய்ந்த வல்லுநர் தாதியர் வேலையைக் கற்பதில் இழிவு காணவில்லை. 1948-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 முன்னாள் படைவீரரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி ஒன்றை நடத்தினார். இன்று உலகம் அறிந்த பாராலிம்பிக் விளையாட்டுக்கு அதுவே வித்து.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்டு, அறுவை மருத்துவராகி, 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோயாளரின் விரல்கள் மடங்கி மரத்துப் போயிருப்பதைக் கண்டு அதன் காரணத்தை ஆராய்ந்தார். சதை தானே அழுகி விழுவதில்லை. நரம்பு கெட்டு வலி தெரியாமற் போவதால், சூடும் வெட்டும் உணரப்படாமல் புண்ணாகிக் கை அழிகிறது என்பதை விளக்கினார். முன்கையில் கெடாதிருக்கும் தசையின் நாணை விரலுக்கு மாற்றி இணைத்து, மடங்கிய விரலை நிமிரச் செய்தார். ஆனால் அறுவை முடிந்து வெளியேறியவர் சிலர் மனம் சோர்ந்து திரும்பி வந்தனர். கை திருந்திவிட்டதனால் முன்போலப் பிச்சை கிடைக்கவில்லை. பழைய வடுவைக் கண்டவர் வேலையும் கொடுக்கவில்லை. கையைக் கொடுத்த மருத்துவர் அந்தக் கைக்கு வேலையும் கொடுக்க வேண்டியதாயிற்று. 1951-இல் வேலூரில் 'புதுவாழ்வு' நிலையம் தோன்றியது. அங்கே தச்சு வேலை கற்பிக்கப்பட்டது. உளியை எவ்வாறு பிடித்தால் மரத்த விரல் காயப்படாது என்பதை நோயாளிகளோடு சேர்ந்து பிராண்டும் கற்றார்.

அவர் ஊக்கத்தால் எழுந்தவரே டாக்டர் மேரி வர்கீஸ். கொச்சிச் சீமையில் 1925-இல் பிறந்து, வேலூரில் பயின்று, அங்கேயே பணியாற்றி வந்த மருத்துவர். 1954-ஆம் ஆண்டு உடன் பணிபுரிவோருடன் உல்லாசப் பயணம் சென்ற வழியில் வண்டி கவிழ்ந்து அவரது முதுகுத்தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே இயக்கம் நின்றது. வேறொருவராயின் அத்துடன் மருத்துவத் தொழில் முடிந்தது என்றே எண்ணியிருப்பர். தொழுநோயாளரின் கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று பிராண்டு வழி காட்டினார். சக்கர நாற்காலியிலிருந்தே மேரி வர்கீஸ் அத்தொழிலைக் கற்றுத் தேர்ந்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் சிகிச்சையும், தன் காரியத்தைத் தானே செய்துகொள்ளும் பயிற்சியும் பெற்றார். பின்னர் நியூயார்க்கில் ரஸ்க் அமைத்த நிலையத்தில் சேர்ந்து பட்டமேற்படிப்பு மாணவியானார்.

பட்டம் பெற்று, அறுவையில் கைதேர்ந்து, துன்பத்தின் ஆழத்தையும் அளந்த ஒருவர், கடல் கடந்து சென்று, மனிதன் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதை முதற்பாடமாகப் படித்தார். தாயகம் திரும்பி 1963-இல் வேலூரில் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966-இல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் புனர்வாழ்வு நிலையம் அங்கே திறக்கப்பட்டது. 1972-இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. 1986-இல் அவர் மறைந்தார். அந்நிலையம் இன்றும் பணி செய்து வருகிறது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் காட்பாடி நிலையத்தில் வந்திறங்கும் நோயாளிகளைக் கண்டவர்கள், வேலூரின் பெயர் எவ்வளவு தூரம் சென்றுள்ளது என்பதை அறிவர்.

வேலூர் ஒன்றே அன்று. போரில் உறுப்பிழந்த வீரருக்கென 1944-இல் பூனாவில் செயற்கை உறுப்பு நிலையம் தொடங்கப்பட்டது. பம்பாயில் தொழில்வழிச் சிகிச்சைப் பள்ளியை 1950-இல் நிறுவிய கமலா நிம்ப்கர், அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்தவர். நாற்பது வயதைக் கடந்த பின்னரே அக்கல்வியைப் பயின்று வந்தார். அதே நகரில் ஹாஜி அலி அருகே 1955-இல், ஐக்கிய நாடுகளின் உதவியோடு, அகில இந்தியப் புனர்வாழ்வு மருத்துவ நிலையம் உருவாயிற்று. நம் நேயர்களுள் பலர் அவ்வழியே நாள்தோறும் செல்பவராக இருக்கக்கூடும்.

ஜெய்ப்பூரில் நிகழ்ந்ததை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிரமோத் கரண் சேத்தி எடின்பரோவில் பட்டம் பெற்ற எலும்பு அறுவை மருத்துவர். மேனாட்டுச் செயற்கைக் காலை அணிவித்து அனுப்பியவர் பலர் அதனைக் கழற்றி மூலையில் வைத்துவிடுவதைக் கண்டார். காரணம் வெளிப்படை. அந்தக் கால் செருப்பணிந்து நாற்காலியில் அமர்பவருக்காகச் செய்யப்பட்டது. நம் உழவரோ வெறுங்காலுடன் சேற்றில் இறங்க வேண்டும். சம்மணமிட்டு உண்ண வேண்டும். குந்தி உட்கார வேண்டும். இச்சிக்கலை அவிழ்க்க அவருக்குத் துணை நின்றவர் ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞர். இருவரும் பிறரும் முயன்று, 1968-இல் ரப்பரும் மரமும் கொண்டு ஜெய்ப்பூர்க் காலை உருவாக்கினர். கல்லூரிப் பட்டம் பெற்ற வல்லுநர், பட்டம் பெறாத கைவினைஞரிடம் பாடம் கேட்டதன் பயனாகவே அந்தக் கால் பிறந்தது என்று சொல்வது மிகையாகாது.

இவ்வரலாறுகளைத் தொகுத்து நோக்கினால், அனுபவம் மிக்க மருத்துவப் பணியாளர் இத்துறையில் பட்டமேற்படிப்புக்கு வரும்போது எதைக் கற்கிறார் என்பது தெளிவாகும். முதலாவது, அளவுகோல் மாறுகிறது. இரத்தம், நாடி, காய்ச்சல் என்று அளந்து பழகியவர், உண்ணல், உடுத்தல், குளித்தல், படியேறுதல் என்று அளக்கக் கற்கிறார். மஹோனி என்னும் மருத்துவரும் பார்த்தெல் என்னும் உடலியக்கச் சிகிச்சையாளரும் 1965-இல் வெளியிட்ட அட்டவணை இத்தகைய பத்துச் செயல்களுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் இடுகிறது. இரண்டாவது, தனித்துப் பணி செய்யும் வழக்கம் மாறுகிறது. மருத்துவர், தாதியர், உடலியக்கச் சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர், செயற்கை உறுப்புச் செய்வோர், சமூகப் பணியாளர் ஆகிய அனைவரும் ஒரே வட்டத்தில் அமர்ந்து பேச வேண்டும். மூத்தவருக்கு இதுவே கடினமான பாடம். ஆணையிட்டுப் பழகிய நா வினவப் பழக வேண்டும். மூன்றாவது, இலக்கை வகுப்பவர் மாறுகிறார். நெசவாளிக்கு வேண்டுவது தறி மிதிக்கும் கால். எழுத்தருக்கு வேண்டுவது பேனா பிடிக்கும் விரல். அதனைச் சொல்ல வல்லவர் நோயாளி ஒருவரே.

ஒருவர் இதற்கென ஊதியத்தையும் உறக்கத்தையும் இழந்து மீண்டும் பயில வேண்டுமா என்று கேட்கலாம். தேவை பெரிது. உலகில் ஏறத்தாழ 240 கோடி மக்களுக்குப் புனர்வாழ்வுச் சேவை பயன்படக்கூடிய நிலை உள்ளதென உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. 2017-இல் அது இதற்கென அறைகூவல் விடுத்தது. 2023-இல் உலகச் சுகாதாரப் பேரவை தனித் தீர்மானமே இயற்றிற்று. இந்தியா இளம்பிள்ளைவாதத்தை வென்றதாக 2014-இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் அந்நோய் முன்னமே தளர்த்திய கால்களோடு வாழ்வோர் பலர் நம்மிடையே உள்ளனர். சாலை விபத்தும் பக்கவாதமும் நீரிழிவும் நாள்தோறும் புதியவர்களைச் சேர்க்கின்றன. அறுவையும் மருந்தும் முன்னேற முன்னேற, உயிர் பிழைப்போர் தொகை பெருகுகிறது; பிழைத்தபின் வாழக் கற்பிப்போர் தொகையும் உடன் பெருக வேண்டாமா? சிறு மருத்துவமனைகளில் நெடுநாள் பணியாற்றிய மருத்துவரும் தாதியரும் சிகிச்சையாளரும் இக்கல்வி பெற்றுத் தம் ஊர்களுக்குத் திரும்பினால், பெருநகருக்கு வர இயலாத நோயாளிக்கு அதைவிடப் பேருதவி வேறில்லை.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு ஊரிலிருந்து செய்தி வரும்: தந்தைக்குப் பக்கவாதம், அத்தைக்கு இடுப்பெலும்பு முறிவு. 'உயிருக்கு ஆபத்தில்லையே' என்று கேட்டு நாம் பெருமூச்சு விடுகிறோம். அக்கேள்வி இன்றியமையாததே, ஆயினும் அது முதற் கேள்விதான். எப்போது எழுந்து அமர்வார், யார் நடை பயிற்றுவார், தம் கையால் எப்போது உண்பார் என்னும் கேள்விகள் அதன்பின் உள்ளன. ரஸ்கும் குட்மனும் மேரி வர்கீசும் நடுவயதிலும் துன்பத்திலும் மாணவராக அமர்ந்தது அக்கேள்விகளுக்கு விடை தேடியே. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் நாமும் அவற்றை மருத்துவரிடம் தயங்காமல் கேட்போமாக.