செருப்புத் தைத்த கை

செருப்பை வாயிலுக்கு வெளியே விடுகின்றோம். அதைத் தைத்தவனையும் வெளியிலேயே நிறுத்திய சமூகம் நம்முடையது. பொருள் வேண்டும், பொருளைச் செய்தோன் வேண்டாம் என்னும் இவ்வநீதியைக் கைத்தொழிலாலேயே எதிர்த்த வரலாறு ஒன்றுண்டு. அது தொடங்கிய இடம், நம்மைப் போலவே கடல் கடந்து சென்ற தமிழர் உழைத்த தென்னாப்பிரிக்காவாகும்.

1910-ம் ஆண்டில், ஜோஹானஸ்பர்க் நகருக்கு ஏறத்தாழ 21 மைல் தொலைவில், ஹெர்மன் காலன்பாக் என்னும் கட்டடக் கலைஞர் தம் 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் வாழ வாடகையின்றி அளித்தார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. தமிழரும் தெலுங்கரும் குஜராத்தியரும் வடநாட்டாரும் அங்கே மதபேதமின்றி ஒரே அடுக்களையில் உண்டனர். காலன்பாக், மரியன்ஹில் என்னுமிடத்துக் கிறிஸ்தவத் துறவியர் மடத்திற்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தியடிகள் கற்றார். அடிகளிடம் ஏனையோர் கற்றனர். வணிகர் குலத்திற் பிறந்து பாரிஸ்டர் பட்டமும் பெற்ற ஒருவர், தோலும் ஊசியும் ஏந்தி அமர்ந்தது சிறிய செய்தியன்று.

1914-ல் அந்நாட்டை விட்டுப் புறப்படுகையில், தம்மைச் சிறையிலிட்ட ஆட்சியின் அமைச்சர் ஜெனரல் ஸ்மட்ஸுக்கு, தாம் தைத்த செருப்பையே அடிகள் அன்பளிப்பாக்கினார். பல கோடைகளில் அதை அணிந்த ஸ்மட்ஸ், அத்தகைய மனிதரின் காலணியில் நிற்கத் தாம் தகுதியற்றவர் என்று 1939-ல் எழுதினார்.

தைத்த கை தூயது. தோல் எவ்வழியில் வந்தது? 1930-களில் வார்தாவை அடுத்த நால்வாடியில், கொன்ற மாட்டின் தோலை விலக்கி, தானே இறந்த மாட்டின் தோலைப் பதனிடும் முயற்சி நடைபெற்றது. அது நன்றே. ஆனால் செத்த மாட்டை அகற்றும் வேலையை ஒரு சாதியின் தலைமேல் சுமத்தி, அதையே காரணமாக்கி அவர்களைத் தீண்டாதாராக்கிய கொடுமையை நாம் மறத்தலாகாது. தொழிலைப் போற்றினால் மட்டும் போதாது. பிறப்பால் அதிற் கட்டுண்டவனுக்கு அதை விட்டு விலகும் உரிமையும் வேண்டும்.

இனி ஆற்றின் வழக்கைக் கேட்போம். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட தமிழகத்தில் பின்னர்க் குரோமிய உப்பு பெருகிற்று. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளில் பதனிடும் சாலைகளின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கழனிகளையும் கெடுத்தது. மாசு செய்தோரே அதற்கு ஈடு செய்தல் வேண்டுமென்று 1996-ல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தோழர்களே! நம் முன்னோர் வெட்டிய ரப்பர்ப் பால் உலகத்தார் காலணிகளின் அடிப்பாகமாயிற்று. வெட்டியவருள் எத்துணையோ பேர் வெறுங்காலுடன் நடந்தனர். அவர்தம் மக்களாகிய நாம், கடையில் செருப்பைக் கையிலெடுக்குங்கால் விலையை மட்டும் வினவலாமா? தைத்தவனுக்குத் தக்க கூலி கிடைத்ததா, எந்த ஆறு கெட்டது, எத்தனை ஆண்டு உழைக்கும், அறுந்தால் தைத்துக்கொள்ளக் கூடுமா என்றும் வினவுவோம். காலுக்கு அளவு பார்க்கும் நாம், மனச்சான்றுக்கும் அளவு பார்ப்போமாக!