அல்லேலூயா: அடக்கி வைக்கும் ஆர்ப்பரிப்பு

எபிரேயத்தில் ‘ஹல்லெலூ’ என்பது பலரை நோக்கிய ஏவல்: துதியுங்கள். ‘யாஹ்’ இறைவனின் திருப்பெயருக்குக் குறுக்கம். இரண்டும் சேர்ந்து ஒரு சொல்லா, இரு சொல்லா என்று தல்மூது அறிஞர்களே வாதிட்டிருக்கிறார்கள். எபிரேய வேதத்தில் சங்கீதப் புத்தகத்துக்கு வெளியே இது வருவதே இல்லை.

அதன் பொருளை முழுதாக உணர 113ஆம் சங்கீதம் போதும். ஒன்பதே வசனங்கள். எபிரேய மூலம் இந்தச் சொல்லில் தொடங்கி இதிலேயே முடிகிறது. இடையில், வானங்களுக்கும் மேலே வீற்றிருப்பவர் குனிந்து பார்க்கிறார்; புழுதியில் கிடக்கும் எளியவனைத் தூக்கிவிடுகிறார்; பிள்ளையில்லாதவளைத் தாயாக்குகிறார். அன்னாளின் பாடலைப் படித்தவர்களுக்கு இந்தக் குரல் பழக்கமானது. இவ்வளவு பெரிய துதிக்கு இவ்வளவு எளிய மனிதர்களைக் காரணமாக்கியதுதான் இச்சங்கீதத்தின் அழகு.

113 முதல் 118 வரையுள்ள தொகுதியை யூதர்கள் ‘ஹல்லேல்’ என்கிறார்கள். பஸ்கா இரவில் முதல் இரண்டும் உணவுக்கு முன்பும் மற்றவை பின்பும் பாடப்படும். இயேசுவும் சீடர்களும் பாடிவிட்டு ஒலிவ மலைக்குப் போனதாக மத்தேயுவும் மாற்கும் எழுதுவது இந்த ஹல்லேலைத்தான் என்பது மரபு. பஸ்காவின் பிந்திய நாட்களில் ஹல்லேலைக் குறைத்துவிடுவார்கள்: 115, 116 இரண்டிலும் முதல் 11 வசனங்கள் விடப்படும். தல்மூது இதற்கு அந்நாட்களின் பலிமுறையைக் காரணம் காட்டுகிறது. மக்கள் நெஞ்சில் நின்றதோ வேறொரு விளக்கம்: கடலில் மூழ்கிய எகிப்தியரும் கடவுளின் படைப்புகளே, அவர்கள் மடிந்ததற்கு நிறைமகிழ்ச்சி கூடாது.

சங்கீதங்களைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் இச்சொல்லை மட்டும் அப்படியே விட்டார்கள். கிரேக்கத்தில் ஹகரத்துக்குத் தனி எழுத்தில்லாததால் அது ‘அல்லேலூயா’ ஆயிற்று. லத்தீனும் அதையே ஏற்றது. நம் தமிழ் வடிவமும் இதனோடுதான் ஒத்துப்போகிறது. புதிய ஏற்பாட்டில் வெளிப்படுத்தின விசேஷம் 19ஆம் அதிகாரத்தில் மட்டும், நான்கு முறை வருகிறது.

கிரெகோரியப் பாடகர்கள் இதன் கடைசி அகரத்தை நெடுநேரம் இழுத்துப் பாடினார்கள். அத்தனை ஆசையாகப் பாடிய சொல்லைத் தவக்காலத்தில் மேற்குத் திருச்சபை அறவே நிறுத்திவிடும். இடைக்கால ஐரோப்பாவில் சில ஆலயங்கள் இதற்குச் சவ அடக்கம்கூட நடத்தின. இன்றும் தமிழ்க் கத்தோலிக்கத் திருப்பலியில் அந்நாட்களில் நற்செய்திக்கு முன் வேறு வாழ்த்தொலிதான் கேட்கும். உயிர்ப்புப் பெருவிழா இரவில் அல்லேலூயா திரும்பிவரும்.

கிழக்குத் திருச்சபை இதற்கு நேர்மாறு. அங்கே தவக்கால வாரநாள் காலை வழிபாட்டில்தான் அல்லேலூயா தனியிடம் பெறுகிறது. அடக்கச் சடங்கிலும் ஒலிக்கிறது. பழங்கால ரோமிலும் அப்படித்தான்: பபியோலா என்னும் பெண்மணியின் இறுதி ஊர்வலத்தில் ஆலயக் கூரைகள் அல்லேலூயாவால் அதிர்ந்ததாக ஜெரோம் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.