ஆயிரத்து ஐந்நூறு மேதைகளும் விட்டுப்போன இருவரும்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பம். பதினான்கு பிள்ளைகள். அதில் பன்னிரண்டாவது லூயிஸ் டெர்மன், பிறந்தது 1877-ல். அவனுக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும்போது புத்தகம் விற்கும் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவர் விற்றது ஃப்ரெனாலஜி பற்றிய புத்தகம். மண்டையில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தடவிப் பார்த்தே ஒருவருடைய குணத்தையும் திறமையையும் சொல்லிவிடலாம் என்ற 'சாஸ்திரம்' அது. நம்ம ஊர் கைரேகை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்குப் பலர் அதை விஞ்ஞானம் என்றே நம்பினார்கள். வந்தவர் வீட்டில் இருந்தவர்களின் தலைகளைத் தடவிப் பார்த்தார். லூயிஸின் முறை வந்தபோது, இவன் பெரிய ஆளாக வருவான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தச் சம்பவத்தைப் பிற்காலத்தில் எழுதி வைத்தவர் டெர்மனேதான். அந்தச் சொல் தனக்குள் ஒரு நம்பிக்கையை ஊட்டியது என்பதை அவரும் மறைக்கவில்லை. பிறகு அவர் மற்றப் பிள்ளைகளின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். கையால் தடவி அல்ல, வினாத்தாளால்!

அந்த வினாத்தாள் அவர் கண்டுபிடித்தது அல்ல. 1905-ல் பாரிஸில் ஆல்ஃப்ரெட் பினே என்ற உளவியலாளர் தியோடோர் சிமோனுடன் சேர்ந்து முதல் அறிவுச் சோதனையைத் தயாரித்தார். பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளில் யாருக்குத் தனி உதவி வேண்டும் என்று தெரிந்துகொள்வதுதான் அதன் நோக்கம். அறிவு என்பது கூட்டவே முடியாத ஒரு நிலையான அளவு என்று பேசியவர்களை பினே கடுமையாகக் கண்டித்தார். 1911-ல் அவர் இறந்துபோனார். சோதனை கடல் கடந்து அமெரிக்கா போனது, போன இடத்தில் அதன் நோக்கமே தலைகீழாக மாறிவிட்டது.

டெர்மன் 1910-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தார். காசநோய்க்காரர், நல்ல தட்பவெப்பம் தேடித்தான் கலிஃபோர்னியா பக்கம் வந்தவர். பினேயின் சோதனையைத் திருத்தி, விரிவாக்கி 1916-ல் 'ஸ்டான்ஃபோர்டு-பினே' என்று வெளியிட்டார். ஐ.க்யூ. என்ற எண் பொதுமக்கள் வாயில் புகுந்தது இதற்குப் பிறகுதான். கணக்கு எளிது. பத்து வயதுப் பிள்ளை பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான கேள்விகளுக்குப் பதில் சொன்னால், பன்னிரண்டைப் பத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 120! ஒரு மனிதன் எதிர்காலத்தில் எட்டக்கூடிய உயரம் முழுவதும் ஒரே எண்ணில் அடங்கிவிட்டது போன்ற மயக்கம் அதில் இருந்தது. டெர்மனுக்கு அது மயக்கமாகத் தெரியவில்லை, உறுதியான உண்மையாகவே தெரிந்தது.

அந்த உறுதி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1916-ல் வந்த அதே புத்தகத்தில், மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளிடமும் கறுப்பினக் குழந்தைகளிடமும் காணப்படும் 'மந்த புத்தி' இனத்தோடு பிறந்தது என்றும், அவர்களைத் தனி வகுப்புகளில் போட வேண்டும் என்றும் எழுதினார். பின்னர் கட்டாயக் கருத்தடையை ஆதரித்துப் பிரசாரம் செய்த ஓர் அமைப்பிலும் உறுப்பினராக இருந்தார். கலிஃபோர்னியாவில் மட்டும் சுமார் 20,000 பேருக்குச் சட்டத்தின் பெயரால் கருத்தடை செய்யப்பட்டது. உள்ளாற்றலைக் கண்டுபிடிக்கும் கருவி என்று வந்தது, யாருக்கு உள்ளாற்றலே இல்லை என்று முத்திரை குத்தவும் உதவியது.

எதிர்ப்பே இல்லாமல் இல்லை. 1922-ல் வால்டர் லிப்மன் என்ற பத்திரிகையாளர் 'நியூ ரிபப்ளிக்' இதழில் தொடர் கட்டுரைகள் எழுதி இந்தச் சோதனைகளைப் பிரித்து மேய்ந்தார். சோதனை எதையோ அளக்கிறது, சரி. அது பிறவியிலேயே வந்தது, மாறாதது என்று யார் நிரூபித்தார்கள் என்பதே அவர் கேள்வி. டெர்மன் கிண்டலாக ஒரு பதில் எழுதினார். கிண்டல் நிறைய இருந்தது, கேள்விக்கு விடை இல்லை.

டெர்மன் மனதில் வேறு ஒரு விடை இருந்தது. காலமே நிரூபிக்கட்டும் என்று நினைத்தார். 1921-ல் அவர் தொடங்கிய ஆராய்ச்சி அதற்கு முன் யாரும் செய்யாதது. மிக உயர்ந்த ஐ.க்யூ. உள்ள குழந்தைகளைப் பொறுக்கி எடுத்து, வாழ்நாள் முழுவதும் பின்தொடர்வது! ஆசிரியர்களிடம் வகுப்பிலேயே கெட்டிக்காரப் பிள்ளைகள் யார், வயதில் இளைய பிள்ளை யார் என்று பெயர் கேட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சோதனை வைத்து 135-க்கு மேல் எடுத்தவர்களைச் சேர்த்தார்கள், பெரும்பாலோர் 140-ஐத் தாண்டியவர்கள். வேடிக்கை என்னவென்றால், ஆசிரியர் 'இவன்தான் கெட்டிக்காரன்' என்று காட்டிய பிள்ளைகளைவிட, வகுப்பிலேயே வயது குறைந்த பிள்ளைகளில் அதிகம் பேர் தேறினார்கள். ஆசிரியரைக் கேட்பதைவிடப் பிறந்த தேதியைப் பார்ப்பதே மேல் என்று டெர்மனே எழுதினார்.

கடைசியில் சேர்ந்தவர்கள் 1,528 பேர். 856 பையன்கள், 672 பெண்கள். பெரும்பாலும் கலிஃபோர்னியாவின் வெள்ளை நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள். கறுப்பினக் குழந்தைகளும் மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளும் விரல் விட்டு எண்ணும் அளவே. டெர்மனின் மகன் ஃப்ரெடரிக், மகள் ஹெலன் இருவரும் பட்டியலில் உண்டு!

பிள்ளைகள் வளர்ந்தார்கள். மோசமாக ஒன்றும் போகவில்லை. மூன்றில் இரண்டு பங்கினர் பட்டம் பெற்றார்கள், அந்தக் காலத்து அமெரிக்காவில் அது மிகப் பெரிய விகிதம். வக்கீல்கள், மருத்துவர்கள், பேராசிரியர்கள் வந்தார்கள். சினிமா இயக்குநர் எட்வர்ட் டிமிட்ரிக் வந்தார். 'ஐ லவ் லூசி' என்ற புகழ்பெற்ற நகைச்சுவைத் தொடரைத் தயாரித்த ஜெஸ் ஒப்பன்ஹைமரும் இந்தக் கூட்டத்தில் ஒருவர். சிறுவனாக இருந்தபோது அவரைப் பரிசோதித்தவர், இவனிடம் நகைச்சுவை உணர்வு தென்படவில்லை என்று கோப்பில் எழுதி வைத்திருந்தாராம்!

பெண்களின் கதை வேறு. ஆண்களுக்கு நிகரான மதிப்பெண், நிகரான பட்டம். ஆனால் நடுவயதில் அவர்களில் பெரும் பகுதியினர் இல்லத்தரசிகளாகவே இருந்தார்கள். வேலைக்குப் போனவர்களிலும் பலர் ஆசிரியைகள், செயலாளர்கள். இதை விளக்க எந்த ஐ.க்யூ.வும் உதவாது.

டெர்மனின் நம்பிக்கையை உண்மையில் ஆட்டிப் பார்த்தது அவருடைய சொந்தக் கணக்குதான். 1940 வாக்கில் அவரும் உதவியாளர் மெலிட்டா ஓடனும் ஆண்களை மட்டும் தனியே எடுத்து, வாழ்க்கையில் மிக வெற்றி பெற்ற 150 பேரை 'ஏ' என்றும், மிகவும் பின்தங்கிய 150 பேரை 'சி' என்றும் பிரித்தார்கள். இரண்டு குழுவுக்கும் ஐ.க்யூ. வித்தியாசம் மிகக் கொஞ்சம். தொடக்கப் பள்ளி மதிப்பெண்களிலும் பெரிய வேறுபாடு இல்லை. உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் பாதைகள் பிரிந்தன.

அப்படியானால் எது பிரித்தது? எடுத்ததை விடாமல் முடிக்கும் பிடிவாதம், இலக்கு பற்றிய தெளிவு, தன்னம்பிக்கை, தாழ்வு மனப்பான்மை இல்லாமை. பெற்றோரும் மனைவியும் அவரவரும் கொடுத்த மதிப்பீடுகளில் இவைதான் மேலே வந்தன. இன்னொன்றும் இருந்தது. 'ஏ' வீடுகளில் பட்டம் பெற்ற அப்பாக்கள் அதிகம், புத்தகங்கள் அதிகம், படி படி என்று தூண்டியவர்கள் அதிகம். அறிவுக்கும் சாதனைக்கும் உள்ள தொடர்பு முழுமையானது அல்ல என்று 1947-ல் வந்த புத்தகத்தில் டெர்மன் ஒப்புக்கொண்டார். லிப்மனுக்கு இருபத்தைந்து ஆண்டு தாமதமாகக் கிடைத்த பதில் என்று இதைச் சொல்லலாம்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. டெர்மன் சும்மா வேடிக்கை பார்த்த ஆராய்ச்சியாளர் அல்ல. 'என் பிள்ளைகள்' என்று உருகியவர். கல்லூரியில் இடம் கிடைக்கப் பரிந்துரைக் கடிதம் எழுதினார், வேலைக்குச் சிபாரிசு செய்தார், கடிதம் போட்டு விசாரித்துக்கொண்டே இருந்தார். நீ மேதை என்று பத்து வயதில் சொல்லி, பின்னால் ஒரு பேராசிரியரும் நின்றால் எந்தப் பிள்ளைதான் கொஞ்சம் முன்னேறாது? இண்டியானாப் பண்ணை வீட்டில் புத்தக வியாபாரி அவருக்குச் செய்ததை அவர் 1,528 பேருக்குச் செய்துகொண்டிருந்தார். ஆராய்ச்சி முறைப்படி இது பெரிய தவறு. மனிதராகப் பார்த்தால் அவர் செய்த நல்ல காரியங்களில் முதன்மையானது இதுவாகத்தான் இருக்கும்.

பட்டியலுக்கு வெளியே இருந்த ஒரு பையனையும் டெர்மன் நன்றாக அறிந்திருந்தார். ஸ்டான்ஃபோர்டுக்குப் பக்கத்தில், வறுமையில், பள்ளிக்கு ஒழுங்காகப் போகாமல் சில்லறை வேலைகள் செய்துகொண்டிருந்த ஹென்றி கவல். சோதனையில் 140-க்குக் கீழேதான் வாங்கினான். ஆனாலும் அவன் அபூர்வமானவன் என்பது டெர்மனுக்குத் தெரிந்தது, 1919-ல் அவனைப் பற்றி எழுதவும் செய்தார். அந்தப் பையன்தான் பின்னாளில் அமெரிக்காவின் முக்கியமான இசையமைப்பாளர்களில் ஒருவரானான். 1930-களின் தொடக்கத்தில் பெர்லினில் பி. சாம்பமூர்த்தியிடம் கர்நாடக இசை கற்றார். அவருடைய 13-வது சிம்பொனியின் பெயரே 'மெட்ராஸ்', முதலில் அரங்கேறியதும் 1959-ல் சென்னையில்தான்.

சோதனை எழுதியும் தேறாமல் போன இரண்டு சிறுவர்கள் கதைதான் இதில் உச்சம். ஒருவன் வில்லியம் ஷாக்லி, இன்னொருவன் லூயிஸ் அல்வாரெஸ். இருவரின் மதிப்பெண்ணும் போதவில்லை. 1,528 பேரில் ஒருவர்கூட நோபல் பரிசு வாங்கவில்லை. விட்டுப்போன இருவரும் வாங்கினார்கள்! டிரான்சிஸ்டருக்காக ஷாக்லி பரிசு பெற்றது 1956 டிசம்பர் 10. அதே மாதம் 21-ம் தேதி டெர்மன் காலமானார்.

ஷாக்லியை ஸ்டான்ஃபோர்டு பக்கம் தொழில் தொடங்க வரச் சொல்லி ஊக்குவித்தவர் யார் தெரியுமா? டெர்மனின் மகன் ஃப்ரெடரிக், அப்போது அதே பல்கலைக்கழகத்தின் பெரிய நிர்வாகி. அப்பாவின் வலையில் சிக்காத மீனை மகன் பிடித்துவந்தார். 1956-ல் மவுண்டன் வியூவில் ஷாக்லியின் குறைகடத்தி நிறுவனம் தொடங்கியது. ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் ஷாக்லி கெட்டிக்காரர், கூட வைத்துக்கொள்வதில் அல்ல. சந்தேகமும் அதட்டலும் தாங்காமல் 1957-ல் எட்டு பேர் ஒன்றாக வெளியேறி ஃபேர்சைல்டு செமிகண்டக்டரைத் தொடங்கினார்கள். அவர்களில் நாய்ஸ், மூர் இருவரும் 1968-ல் தொடங்கியதுதான் இன்டெல். ஷாக்லியோ 1960-களிலிருந்து, ஐ.க்யூ. குறைந்தவர்களுக்குப் பணம் கொடுத்துக் கருத்தடை செய்துகொள்ளச் சொல்லலாம் என்று மேடை மேடையாகப் பேசிக்கொண்டிருந்தார். தன்னையே கழித்துவிட்ட எண்ணை அவர் கடைசிவரை நம்பினார்.

அல்வாரெஸுக்கு நோபல் கிடைத்ததும் 1968-ல்தான். மெலிட்டா ஓடன் அந்த மேதைக் குழந்தைகளின் நாற்பதாண்டுக் கணக்கை வெளியிட்டதும் அதே ஆண்டு. இந்த முறை நூறு பேருக்கு நூறு பேர் என்று ஒப்பிட்டார். வேறுபாடு மறுபடியும் அதே இடங்களில்தான் தெரிந்தது.