விளையாட்டு ரயிலின் கட்டுப்பாட்டுப் பலகை

தீப்பெட்டிகளை நூலில் கோத்து, வாயினாலேயே ஊதல் ஒலி எழுப்பி, திண்ணை முழுவதும் ரயில் ஓட்டிய பருவம் நம்மில் பலருக்கு உண்டு. வயது ஏற ஏற நாம் அதை விட்டுவிடுகிறோம். மேலை நாடுகளிலோ அதை விடாமல் வளர்த்துக்கொண்டவர்கள் ஏராளம். அறை நிறையப் பலகை மேடை அமைத்து, அதன்மேல் மலையும் ஆறும் ஊரும் சமைத்து, அவற்றின் ஊடே சிறு தண்டவாளம் இட்டு, உண்மை ரயிலின் நடைமுறைப்படியே வண்டிகளை ஓட்டுவார்கள். இவற்றுள் மிகப் பரவலானது எச்.ஓ. என்னும் அளவு. உண்மை வண்டியில் 87-இல் ஒரு பங்கு. இரு தண்டவாளங்களுக்கும் நடுவே 16.5 மில்லிமீட்டர்தான் இடைவெளி.

இன்று நான் சொல்ல வந்தது அந்த வண்டிகளைப் பற்றியன்று. மேடையின் ஓரத்தில் நிற்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பலகையையும், மேடைக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் ஓடும் கம்பிகளையும் பற்றியே பேசப்போகிறேன். அந்தக் கம்பிகளைப் பின்னியவர்கள் தாம் அறியாமலேயே வேறொரு வரலாற்றுக்குள் நுழைந்துவிட்டார்கள்.

முதலில் பலகையின் வேலையைத் தெரிந்துகொள்வோம். இத்தகைய ரயிலில் தண்டவாளமே மின்கம்பி. இரு தண்டவாளங்களிலும் சுமார் 12 வோல்ட் நேர்மின்னோட்டம் செல்கிறது. எஞ்சினின் சக்கரங்கள் அதை வாங்கி உள்ளிருக்கும் மோட்டாருக்குக் கொடுக்கின்றன. வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடும். நேர் எதிர் முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கிச் செல்லும். ஒரே வண்டியானால் இதற்கு ஒரு திருகும் ஒரு சுவிட்சும் போதும். இரண்டாவது எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்துப் பாருங்கள்! முதல் வண்டிக்கு நீங்கள் கொடுக்கும் மின்னோட்டம் அதற்கும் பாய்கிறது. ஒன்று நகர்ந்தால் மற்றதும் நகரும். ஒன்றை நிறுத்தினால் மற்றதும் நிற்கும்.

ஆகவே, தண்டவாளத்தைப் பல பகுதிகளாக அறுத்து, இடையே மின்சாரம் கடவாத பொருளை வைப்பார்கள். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு கம்பி மேடையைத் துளைத்துக் கீழிறங்கி, பலகையிலுள்ள ஒரு சுவிட்சுக்கு வந்து சேரும். அந்தச் சுவிட்சுக்கு மூன்று நிலைகள். மேலே தள்ளினால் அந்தப் பகுதி முதல் ஓட்டுபவருக்கு. கீழே தள்ளினால் இரண்டாமவருக்கு. நடுவில் விட்டால் எவருக்கும் இல்லை. பலகையின் முகத்தில் தண்டவாளத்தின் படத்தையே கோடாக வரைந்து, அந்தந்தப் பகுதியின் சுவிட்சை அந்தந்தக் கோட்டின் மேலேயே பொருத்துவது வழக்கம். பாதை பிரியும் இடங்களில், அதாவது ரயில்வேயில் பாயின்ட் என்று வழங்கும் இடங்களில், இரண்டு பொத்தான்கள் இருக்கும். பொத்தானை அழுத்தினால் ஒரு மின்காந்தச் சுருள் தண்டவாள நாக்கை இழுக்கும். கணநேரம்தான் அழுத்தவேண்டும். கையை எடுக்க மறந்தால் சுருள் கருகிவிடும்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது, அல்லவா? இருபது பகுதிகளுக்கு மேடையின் அடியில் மல்லாந்து படுத்துக் கம்பி இழுத்துப் பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும். ஒவ்வொரு கம்பிக்கும் நிறமும் எண்ணும் கொடுத்து ஏட்டில் குறித்துவைக்காதவர், பின்னர் ஒரு பழுதைத் தேடி நாள்கணக்கில் தவிப்பார். பலகையின் பின்புறத்தைத் திறக்கக் கீல் வைக்காதவரும் அப்படியே. இவற்றைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. தண்டவாளம் ஒரு வளையமாகச் சுற்றிப் புறப்பட்ட பாதைக்கே திரும்பி வருவதாகத் தாளில் இரண்டு கோடுகளால் வரைந்து பாருங்கள். இடப்புறத் தண்டவாளம் சுற்றிவந்து வலப்புறத் தண்டவாளத்தோடு சேர்ந்துவிடும்! நேர்முனை எதிர்முனையைத் தொட்டு மின்சுற்று குறுக்கிடும். படத்தில் அழகாகத் தோன்றும் வளையம், மின்சாரத்தின் கண்ணில் ஒரு முரண்பாடு. அதைத் தீர்க்க அந்த வளையத்தை மட்டும் தனியே அறுத்து, வண்டி அதனுள் இருக்கும்போதே வெளிப்பாதையின் முனைகளை மாற்றவேண்டும்.

இந்தப் பலகைக்கு முன்னோர் உண்டு. அவர்கள் விளையாட்டுக்காகத் தோன்றியவர்கள் அல்லர். இங்கிலாந்தில் 1856-ஆம் ஆண்டு ஜான் சாக்ஸ்பி என்பவர் கைகாட்டியையும் பாயின்ட்டையும் ஒருங்கே இயக்கும் ஏற்பாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் வந்த ஆண்டுகளில், ஆபத்தான இரண்டு நெம்புகோல்களை ஒரே சமயத்தில் இழுக்கவே முடியாதபடி ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் இன்டர்லாக்கிங் முறை உருவாயிற்று. ஆனாலும் எல்லா ரயில்வேக்களும் அதை மேற்கொள்ளவில்லை. செலவு மிகுதி என்றார்கள்.

1889-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், அயர்லாந்தின் வடபகுதியில் ஆர்மா என்னும் ஊரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு ஏற்றிச்சென்ற வண்டி ஒரு மேட்டில் ஏறமாட்டாமல் நின்றுவிட்டது. வண்டியை இரண்டாகப் பிரித்து முன்பகுதியை மட்டும் இழுத்துச்செல்ல முனைந்தார்கள். கழற்றப்பட்ட பெட்டிகளில் பிரேக் பிடிக்கவில்லை. சக்கரத்தின் அடியில் வைத்த கற்களும் நிற்கவில்லை. பெட்டிகள் சரிவில் பின்னோக்கி உருண்டு, பின்னால் வந்த வண்டியின்மேல் மோதின. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் குழந்தைகள். முன்வண்டி சென்று சில நிமிடங்கள் ஆனால் பின்வண்டியை விடலாம் என்பதே அங்கே விதியாக இருந்தது. அதே ஆண்டிலேயே பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் இயற்றிற்று. ஒரு பகுதியில் ஒரு வண்டிக்கே இடம், இன்டர்லாக்கிங் கட்டாயம், பயணி வண்டிகளில் தாமே பிடிக்கும் தொடர் பிரேக் கட்டாயம். விளையாட்டு மேடையில் தண்டவாளத்தை ஏன் பகுதி பகுதியாக அறுக்கிறோம் என்று கேட்டால், மின்சாரம் ஒரு விடை சொல்லும். ஆர்மா இன்னொரு விடை சொல்லும்.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். பாஸ்டன் நகரத்தை அடுத்த கேம்பிரிட்ஜில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. சுருக்கமாக எம்.ஐ.டி. என்பர், நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டாம் உலகப்போரின்போது ராடார் ஆராய்ச்சிக்காக அங்கே 1943-இல் அவசரமாக ஒரு மரக் கட்டிடத்தை எழுப்பினார்கள். அதன் பெயர் 20-ஆம் எண் கட்டிடம். போர் முடிந்ததும் இடித்துவிடுவதாக எண்ணம். ஆனால் அது 1998 வரை நின்றது! அழகில்லாத கட்டிடம், ஆகையால் சுவரில் துளையிட்டாலும் கம்பி இழுத்தாலும் எவரும் கடிந்துகொள்ளவில்லை. 1946-இல் மாணவர்கள் தொடங்கிய மாதிரி ரயில் கழகத்துக்கு அதில் ஓர் அறை கிடைத்தது.

கழகத்தில் இரு சாரார் இருந்தனர். ஒரு சாரார் வண்டிகளுக்கு வண்ணம் தீட்டி, மலையும் மரமும் செய்து, ரயில்வே வரலாற்றில் தோய்ந்தவர்கள். மற்றவர்கள் ‘சமிக்ஞையும் மின்சக்தியும்’ என்ற துணைக்குழுவினர். இவர்களுடைய உலகம் மேடைக்கு அடியில். வரலாறு இரண்டாமவர்களையே புகழ்கிறது. அது சற்று ஓரவஞ்சனை என்பது என் கருத்து. மேலே ஓடுவதற்கு அழகான ரயில் ஒன்று இல்லையேல், கீழே எதற்காகக் கம்பி பின்னியிருப்பார்கள்? எவ்வாறாயினும் விதி இருவருக்கும் ஒன்றே: மேடைக்காக 40 மணி நேரம் உழைத்தவருக்குத்தான் அறையின் சாவி.

பலர் ஒரே சமயத்தில் பல வண்டிகளை ஓட்டத் தொடங்கியபோது சாதாரணச் சுவிட்சுகள் போதவில்லை. வண்டிக்கு முன்னே முன்னே பகுதிகளைத் திறந்து, பின்னே பின்னே விடுவிக்க எத்தனை கைகள் வேண்டும்! அப்பொழுது கைகொடுத்தது தொலைபேசி. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் கல்லூரிகளுக்கு வழங்கிய நன்கொடைத் திட்டத்தின் மூலம் தொலைபேசி நிலைய உறுப்புகள் கழகத்துக்குக் கிடைத்தன. ஓட்டுபவர் தொலைபேசியின் எண்வட்டைச் சுழற்றித் தமக்கு வேண்டிய பகுதியின் எண்ணைக் கேட்பார். மேடைக்கு அடியில் கடகடவென்று ஓசை எழும். அந்தப் பகுதி அவர் வசமாகும்.

அந்தக் கடகடப்பு ரிலேக்களின் ஓசை. ரிலே என்பது ஒரு சிறு மின்காந்தம். அதில் மின்னோட்டம் பாய்ந்தால் ஓர் இரும்பு நாக்கை இழுக்கும். அந்த நாக்கு வேறொரு மின்வழியைத் திறக்கும் அல்லது மூடும். இரண்டு தொடுமுனைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால், இதுவும் அதுவும் மூடியிருந்தால்தான் மின்னோட்டம் செல்லும். பக்கம் பக்கமாக இணைத்தால், இது அல்லது அது மூடியிருந்தாலே போதும். இயங்கும்போது திறந்துகொள்ளும் தொடுமுனையைப் பயன்படுத்தினால், ‘இல்லை’ என்ற சொல்லையும் இரும்பில் எழுதிவிடலாம். ‘முதல்வர் கேட்கிறார், இரண்டாமவர் பிடித்திருக்கவில்லை, ஆகவே கொடுக்கலாம்’ என்ற நீதி இவ்வாறு கம்பிகளிலேயே அமைந்துவிடுகிறது.

இதைக் கணிதமாக எழுதிக் காட்டியவரும் அதே எம்.ஐ.டி.யில் பயின்ற மாணவர்தாம். 1937-ஆம் ஆண்டு, 21 வயதான கிளாட் ஷானன் என்பவர் தம் முதுநிலைப் பட்டத்துக்கான ஆய்வுரையில், ஜார்ஜ் பூல் என்னும் கணித அறிஞர் முந்திய நூற்றாண்டில் வகுத்த தருக்க இயற்கணிதமே ரிலேச் சுற்றுகளின் இலக்கணம் என்று நிறுவினார். அதே 1937-இல்தான் லிவர்பூலின் புருன்சுவிக்கில், பாதையின் நுழைவிடத்துக்கு ஒன்றும் வெளியேறும் இடத்துக்கு ஒன்றுமாக இரண்டைக் குறித்தாலே, இடைப்பட்ட பாயின்ட்டுகளை ரிலேக்கள் தாமே அமைத்துத் தரும் ரயில்வேப் பலகை பணிக்கு வந்தது. ஒருவர் கணிதத்தால் எட்டிய இடத்தை மற்றவர்கள் கைத்தொழிலால் எட்டியிருந்தார்கள். ரயில் கழகத்து மாணவர்கள் இரண்டுக்கும் வாரிசுகள். 1962 அளவில் அவர்களுடைய மேடையின் கீழ் சுமார் 1200 ரிலேக்கள் இருந்தன. அறையின் பல இடங்களில் அபாயச் சுவிட்சுகள் உண்டு. வண்டி மோதப்போகிறது என்று எவராவது அதைத் தட்டினால், பலகையிலிருந்த கடிகாரம் நின்று, நேரத்துக்குப் பதிலாக ‘ஃபூ’ என்ற எழுத்துகள் தோன்றும். அங்கே மோதல் என்பது சிரித்துக்கொண்டே திருத்தும் பிழை. ஆர்மாவில் அப்படித் திருத்த வாய்ப்பில்லை.

அந்நாளில் எம்.ஐ.டி.யில் ஐ.பி.எம். 704 என்னும் பெரிய கணிப்பொறி இருந்தது. மாணவர் அதைத் தொட இயலாது. துளையிட்ட அட்டைகளைப் பணியாளரிடம் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருக்கவேண்டும். எங்கோ ஒரு பிழை நேர்ந்தால் மறுபடியும் அட்டை, மறுபடியும் காத்திருத்தல். மேடைக்கு அடியில் படுத்து, பிழையான கம்பியைத் தம் கையாலேயே மாற்றி, அடுத்த நிமிடமே விளைவைக் கண்டு பழகியவர்களுக்கு இது எப்படிப் பொறுக்கும்? 1958-இல் லிங்கன் ஆய்வுக்கூடத்திலிருந்து டி.எக்ஸ்.-0 என்ற டிரான்சிஸ்டர் கணிப்பொறி வந்து சேர்ந்தது. அதன்முன் நேரே உட்கார்ந்து இயக்கலாம். கழகத்தின் பழைய உறுப்பினரான ஜாக் டென்னிஸ் தம் கழகத்து இளைஞர்களை அதனிடம் அழைத்துச்சென்றார். நள்ளிரவிலும் விடியற்காலையிலும், வேறெவரும் கேட்காத நேரங்களில், அவர்கள் அதன்முன் அமர்ந்தார்கள். ரிலேயின் தருக்கம் அறிந்தவர்களுக்கு அதன் மொழி அந்நியமாகத் தோன்றவில்லை. அவர்களுள் ஒருவரான பீட்டர் சாம்சன், கழகத்தாரின் குழூஉக்குறிகளைத் தொகுத்து 1959-இல் ஒரு சிறு அகராதி செய்தார். ‘ஹாக்’ என்ற சொல் அதில் இடம்பெற்றது. இன்று ‘ஹாக்கர்’ என்றால் கணினித் திருடன் என்று பலரும் நினைக்கிறோம். அவர்களிடையே அது திறமையாளனுக்குக் கிடைத்த பாராட்டு.

1961-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் பி.டி.பி.-1 என்ற கணிப்பொறியை எம்.ஐ.டி.க்கு நன்கொடையாகக் கொடுத்தது. அதன் திரையில் இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுடும் ‘ஸ்பேஸ்வார்’ என்ற விளையாட்டை, ஸ்டீவ் ரஸ்ஸல் முதன்மையாக நின்று நண்பர்களோடு 1962-இல் உருவாக்கினார். விளையாட்டு நன்றாக அமைந்தது. ஆனால் கலங்களை இயக்குவதற்குப் பொறியின் முகப்பிலிருந்த சிறு சுவிட்சுகளைத்தான் தட்டவேண்டியிருந்தது. அவை திரைக்கு ஒரு பக்கமாக இருந்தமையால், இருவரில் ஒருவருக்கே திரை நன்றாகத் தெரிந்தது.

ஆலன் கோட்டக், பாப் சாண்டர்ஸ் என்ற இருவர் எழுந்து ரயில் கழக அறைக்குப் போனார்கள். மேடையைச் சுற்றிக் கிடந்த மரத்துண்டுகளையும் கம்பிகளையும் பேக்கலைட் தகடுகளையும் சுவிட்சுகளையும் பொறுக்கினார்கள். அறுத்து, ஆணி அடித்து, ஈயம் பற்றவைத்து, இரண்டு சிறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்துகொண்டு திரும்பினார்கள். அதன்பின் இருவரும் திரைக்கு எதிரே அமர்ந்து, சமமாக விளையாட முடிந்தது.

கோட்டக் பிற்காலத்தில் அதே டிஜிட்டல் நிறுவனத்தில் சேர்ந்து, பெரிய கணிப்பொறிகளின் அமைப்பில் முக்கியப் பங்கு கொண்டார். கலிபோர்னியாவின் மவுன்டன் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில், பி.டி.பி.-1 பொறி ஒன்றைப் பழுது நீக்கி மீண்டும் இயங்கச் செய்திருக்கிறார்கள். அதற்கு உழைத்தவர்களுள் அகராதி செய்த பீட்டர் சாம்சனும் ஒருவர்.